மேனேஜர் மேஜையில் ஸ்லாம்

ஆவடி குவார்ட்டர்ஸ் கிளப்பில் எழுதப்படாத சட்டம் ஒன்று இருந்தது. வொர்க்ஸ் மேனேஜர் தசரதன் சீட்டாட உட்கார்ந்தால், எதிர்க்கட்சி ஸ்லாம் கேட்கக் கூடாது.

பிரிட்ஜ் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதின்மூன்று பிடிகளில் பத்து எடுக்கிறேன் என்று சொல்லி எடுத்தால் கேம். பன்னிரண்டு என்று சொல்லி எடுத்தால் ஸ்லாம், புள்ளிகள் கொட்டும். சொல்லாமல் பன்னிரண்டு எடுத்தால் அது வெறும் கேம்தான். சொல்லிவிட்டு எடுக்காவிட்டால் கேமும் கிடையாது. மேலதிகாரியின் முகத்துக்கு நேரே அப்படி வாய்விட்டுச் சொல்வது மரியாதையில்லை என்று கிளப் கருதியது.

அறுபத்தெட்டில் வெல்டிங் அப்பாவு சொன்னார், எடுத்தும் காட்டினார். அடுத்த மாதமே பாடியில் காலி டிரம் அடுக்கிய கிடங்குக்கு மாற்றல். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். இத்தனை பேர் மெனக்கெட்டுச் சொன்ன பிறகு சந்தேகம் ஏது?

எழுபத்தொன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கோப்பைக்கான ஆட்டத்தில் கடைசி முறையாகச் சீட்டைப் பகிர்ந்தார்கள். வேலுசாமியும் சுலைமான் பாயும் ஒரு கட்சி. மேனேஜர் வேலுசாமிக்கு இடப்பக்கம். மேனேஜர் கட்சிதான் முன்னால் இருந்தது. கேம் எடுத்தால் எட்டாது, ஸ்லாம் எடுத்தால் கோப்பை.

மறுநாள் காலை வேலுசாமிக்கு ஃபோர்மேன் இன்டர்வியூ. ஐந்து வருடமாகக் காத்திருந்த பதவி. கேள்வி கேட்கப்போகிறவர் தசரதன். "தோத்துட்டு வாங்க, ரசம் வெச்சு வெக்கிறேன்" என்று சொல்லித்தான் மனைவி வனஜா வழியனுப்பியிருந்தாள்.

சுலைமான் பாய்க்கு மாதக் கடைசியில் ரிட்டயர்மென்ட். அதோடு அவருக்குக் கிளப் ஆட்டமும் முடிந்தது. பதினோரு வருடம் வேலுசாமிக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவர், கோப்பையைத் தொட்டதே இல்லை. அதில் பாதிப் பழி வேலுசாமியுடையது. கையில் என்ன பலம் வந்தாலும் கேமோடு நின்றுகொள்கிற பிறவி அவர்.

வேலுசாமி ஸ்பேடில் ஏலத்தை ஆரம்பித்தார். பாய் ஒரே தாவில் மூன்றுக்கு ஏற்றினார். பலமில்லாமல் பாய் அப்படி ஏற்ற மாட்டார். இனி நான்கு ஸ்பேட், அதாவது ஆறுக்கு மேல் நான்கு பிடி, என்றால் கேம், கதை முடிந்தது. வேலுசாமி தன் சீட்டுகளை எண்ணினார். ஒரே ஒரு ஏஸ். மற்றபடி ராஜாவும் ராணியுமாகக் குவிந்திருந்தன. பாயிடம் இரண்டு ஏஸ் இருந்தால் பன்னிரண்டு பிடி நிச்சயம். ஒன்றுதான் என்றால் இரண்டு பிடி போய்விடும்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். வேலுசாமிக்கு வெல்டிங் அப்பாவுவின் காலி டிரம்கள் ஞாபகம் வந்தன. நிமிர்ந்தபோது எதிரே பாயின் நரைத்த புருவம் தெரிந்தது.

"ஃபோர் நோ டிரம்ப்" என்றார்.

எத்தனை ஏஸ் இருக்கிறது என்று கேட்கும் கேள்வி அது. ஸ்லாமுக்கு அடிபோடுகிறவன்தான் கேட்பான். மேனேஜரின் விரல்கள் மேஜையில் தாளம் போடுவதை நிறுத்தின.

இரண்டு என்றால் "ஃபைவ் ஹார்ட்ஸ்" என்று பதில் வர வேண்டும். பாய் தன் சீட்டுகளைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"ஃபைவ் டைமண்ட்ஸ்."

ஒன்றுதான். வேலுசாமி யோசிக்காமல் "ஃபைவ் ஸ்பேட்ஸ்" என்று முடித்துக்கொண்டார். மேனேஜர் முதல் சீட்டைப் போட்டார். முறைப்படி பாய் தன் சீட்டுகளை மேஜையில் விரித்தார். க்ளாவர் ஏஸும் டைமண்ட் ஏஸும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

வேலுசாமி பன்னிரண்டு பிடி எடுத்தார். அதற்கு மூளை தேவைப்படவில்லை. கோப்பை மேனேஜருக்குப் போனது. "நிதானமான ஆளய்யா நீ. நாளைக்குப் பாக்கலாம்" என்று தசரதன் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பூந்தமல்லி பஸ்ஸுக்குப் பாயோடு நடக்கையில் வேலுசாமி கேட்டார்: "கையில ரெண்டு இருந்துச்சில்ல பாய்?"

"இர்ந்திச்சி."

"அப்புறம் ஏன் ஒண்ணுன்னு சொன்னீங்க? கோப்பை நம்மளுதாச்சே!"

"கோப்பைய வெச்சிகினு நான் இன்னா பண்ணப் போறேன்? ஊட்ல ஊறுகா போட்ருவாங்கோ." பாய் சிரித்தார். "நீ நாலோட நின்னுக்குவேன்னுதான் நெனச்சேன் நைனா. பொயப்பு போனாலும் பரவால்லன்னு எனுக்கோசரம் கேட்டே பாரு, அது போதும்."

பஸ் வந்தது. பாய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினார். வேலுசாமியும் ஆட்டினார். 'ஒன்றுதான்' என்று பாய் சொன்ன நொடியில் அப்பாடா என்று தனக்கு வந்த நிம்மதியை அவரிடம் சொல்ல, பஸ் நகரும் வரை வாய் வரவில்லை.