பத்லி

டோக்கியோவில் நம் ஆட்கள் ஹாக்கியில் தங்கம் வாங்கிய மறு வருஷம், தாராவியில் எங்கள் சந்து முனையில் ஒரு கம்பெனிக் கார் வந்து நின்றது. இறங்கியவர் அப்துல் வாஹித். பரேலில் ஒரு பெரிய கம்பெனியின் ஹாக்கி டீமைப் பார்த்துக்கொள்பவர். என் தம்பியைக் கேட்டு வந்திருந்தார்.

தம்பி கணேசபாண்டியன். வீட்டில் பாண்டி. பதினெட்டு வயது, ஊதினால் பறந்துவிடும் உடம்பு. மாட்டுங்கா கிளப் ஒன்றில் ரைட் விங் ஆடிக்கொண்டிருந்தான். அதற்கு முந்தின வாரம் இந்தக் கம்பெனி டீமோடு நடந்த பயிற்சி ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டுவிட்டான். எங்கள் அய்யா அதைச் சொல்லாத ஆள் இல்லை. குழாயில் தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களைக்கூட விடவில்லை.

ஹாக்கி ஆடினதற்கென்று அப்போது யாரும் சம்பளம் தரமாட்டார்கள். கம்பெனி வேலை தரும். காலையில் ஹாஜர் போட்டுவிட்டு மத்தியானம் மைதானத்துக்குப் போகலாம். அப்படிச் சேர்ந்தவனைத்தான் நிஜமான ஆட்டக்காரன் என்பார்கள். ஆனால் சேர்ந்த வருஷமே சோபிக்காதவனை டீமிலிருந்து கழற்றிவிட்டு மூட்டை தூக்கப் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் வேறு எந்தக் கம்பெனியும் அவனைச் சீந்தாது. போவதென்றால் ஒரு தடவைதான் போக முடியும்.

வாஹித்தோடு கிளப் செக்ரட்டரி சுந்தரராமனும் வந்திருந்தார். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வீடு, கோட்டைப் பகுதியில் ஏதோ ஆபீஸ் வேலை. இரண்டு பேருக்கும் டீ கொடுத்தேன். வாஹித் டீயைக் குடித்துவிட்டு அய்யாவிடம் தன்மையாகச் சொன்னார்: "லட்கே கா பத்லி கர்னா படேகா. இஸீ மஹீனே மே." பையனுக்குப் பத்லி பண்ண வேண்டும், இந்த மாசமே.

அய்யாவின் முகம் கறுத்துவிட்டது.

எங்கள் அய்யா பேர் பூலோகம், பஞ்சாலைத் தொழிலாளி. பர்மனெண்ட் ஆவதற்கு முன்னால் பத்து வருஷத்துக்கு மேல் பத்லியாக இருந்தவர். பத்லி என்றால், விடியற்காலையில் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். பர்மனெண்ட் ஆள் எவனாவது வராவிட்டால் அவன் இடத்தில் அன்றைக்கு வேலை. எல்லோரும் வந்துவிட்டால் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரவேண்டியதுதான். அடுத்தவனுக்குக் காய்ச்சல் வராதா என்று காத்துக்கிடக்கும் பிழைப்பு. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சும்மாகூடச் சொல்லமாட்டோம்.

"பத்லியா? எம்மவன பத்லிக்கா கேக்காரு?" என்று எங்களைப் பார்த்தார் அய்யா. பிறகு வாஹித்திடம், "நஹி சாப். பத்லி நை மாங்தா" என்று மறுத்துவிட்டார்.

வாஹித்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருவதாகவும், அன்றைக்கும் இல்லையென்றால் வேறு பையனைப் பார்க்க வேண்டியதுதான் என்றும் ஹிந்தியில் சொல்லிவிட்டுப் போனார். சுந்தரராமன் வாயைத் திறக்கவில்லை. பாண்டி சுவரில் சாய்ந்து நின்று காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கார் வைத்திருக்கிற கம்பெனிக்கு ஒரு பர்மனெண்ட் வேலை தரத் துப்பில்லையா என்று அன்றைக்கு முழுக்க எனக்கு ஆத்திரம்.

நான் விக்ரோலியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் சூப்பர்வைசர் எல்லோருக்கும் பேடா கொடுத்தார். என்ன விசேஷம் என்றேன். "மேரா பத்லி ஹோ கயா. பூனா" என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பேடா கையிலேயே இருந்தது. பதினைந்து வருஷமாக பர்மனெண்டாக இருக்கும் மனுஷனுக்குப் பத்லியா? அப்புறம்தான் உறைத்தது. ஆபீஸ்காரர்கள் வாயில் பத்லி என்றால் மாற்றல். மில்காரர்கள் காதில்தான் அது வேறு. பையனைக் கிளப்பிலிருந்து கம்பெனி டீமுக்கு மாற்றிப் பதியவேண்டும் என்றுதான் வாஹித் சொல்லியிருக்கிறார். நாங்கள் அவரை விரட்டாத குறையாக அனுப்பியிருக்கிறோம்.

சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கி நேரே சுந்தரராமன் வீட்டுக்குப் போனேன்.

"அவர் மாத்தலத்தானே சொன்னாரு? ஒங்களுக்கு அன்னைக்கே தெரியும்லா?" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"தெரியும்" என்றார்.

"பொறவு ஏன் சார் வாய மூடிட்டு இருந்தீங்க?"

"ஒங்கப்பா வேண்டாம்னுட்டார். என் மனசுல இருந்ததும் அதுதாம்மா. அவனுக்கு பந்தை எடுத்துண்டு ஓடத் தெரியறது. எங்கே நிக்கணும்னு இன்னும் தெரியலை. ஒரு வருஷம் போகட்டுமேன்னு நெனச்சேன்."

"அடுத்த மாசம் ஒங்க கிளப்புக்குக் கப் மேட்ச் இருக்கு. அதுக்கு அவன் வேணும். அதச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுவும்தான்" என்றார்.

பொய் சொல்லியிருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்ட மனுஷனோடு என்னத்தைச் சண்டை போடுவது? ஆனாலும் என் தம்பியின் பிழைப்பை இவர் கப்புக்கு அடகு வைப்பதா?

வீட்டுக்கு வந்தால் பாண்டி வாசலில் உட்கார்ந்து ஸ்டிக்குக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அய்யா ஷிப்டுக்குப் போயிருந்தார்.

"ஏலே, பத்லின்னா மாத்தலாம்லா! அய்யா தப்பா எடுத்துக்கிட்டாரு. நல்ல வேலைக்குத்தான் கேட்டு வந்திருக்காரு."

அவன் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்க்கா."

"எப்பத் தெரியும்?"

"அவரு சொன்னப்பவே."

எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பயல், தூக்கத்தில்கூட ஹிந்தியில் உளறுகிறவன், அவனுக்கா அந்தச் சொல் புரியாது? இது எனக்கு ஏன் தோன்றவில்லை?

"தெரிஞ்சும் ஏன்லே கல்லு மாதிரி நின்ன?"

ஸ்டிக்கைக் கீழே வைத்தான். பிறகு, "ரெண்டாவது கோலு நான் போட்டதில்லக்கா" என்றான்.

"பின்ன?"

"அவங்க கோலுக்கு முன்னால நின்னு தடுக்கிற ஃபுல்பேக் ஒருத்தன் இருக்கான், மலை மாதிரி. நான் பந்தோட போறேன், அவன் சிரிச்சிக்கிட்டே ஒதுங்கி வழி விடுதான். 'ஜா பேட்டா, மார் லே'ங்கான், போ மவனே அடிச்சிக்கோன்னு. சின்னப்புள்ளைக்கு முட்டாயி குடுக்கிற மாதிரி. அய்யா அதத்தான் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதாரு."

"சரிடா, அங்க போயிப் பழகிக்கிடலாம்லா? எல்லாரும் அப்படித்தான் பழகுதான்."

"யாரு பழக விடுவா? ஒரு வருசம் பாத்துட்டு கழட்டி விட்டுருவாங்க. இப்பப் போயித் தோத்தேன்னு வையி, ஒடம்பு பத்தாம தோத்தனா, இல்ல எனக்கு ஆடவே வராதான்னு கடைசிவரைக்கும் தெரியாமப் போயிரும்க்கா. அடுத்த வருசம் ஒடம்பு தேறிப் போயித் தோத்தா பரவால்ல. நான் அவ்வளவுதான்னு தெரிஞ்சிக்கிடுவேன்."

"அடுத்த வருசம் யாரும் கூப்பிடலன்னா?"

அவன் ஸ்டிக்கை மறுபடி எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். அவன் பயந்திருந்தான். எனக்கும் பயமாக இருந்தது. ஒன்றும் தெரியாத பயல் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எங்கள் எல்லோரையும்விட அவன்தான் இதை நன்றாக யோசித்திருக்கிறான் என்று அப்போது தெரிந்தது.

அய்யாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாஹித் தனியாக வந்தார். அய்யா எழுந்திருக்கவே இல்லை. பத்லி என்ற சொல் வந்ததும் கையெடுத்துக் கும்பிட்டார், போய்வா என்கிற கும்பிடு. வாஹித் என்னிடம் திரும்பி, உங்கள் அப்பாவுக்கு நீயாவது சொல் என்றார். சொல்வதா வேண்டாமா என்று நான் திணறும்போது பாண்டி முன்னால் வந்தான்.

"அபி நஹி, சாப். அக்லே சால்" என்றான், இப்போது இல்லை, அடுத்த வருஷம் என்று.

ஏன் என்று கேட்டார். உங்கள் ஃபுல்பேக் எனக்கு வழி விட்டார், அடுத்த வருஷம் வழிவிடாமல் ஆடச் சொல்லுங்கள், அப்போதும் தாண்டினால் கூப்பிடுங்கள் என்று ஹிந்தியில் சொன்னான். வாஹித் அவனை ஏற இறங்கப் பார்த்தார். இடம் காலியாக இருக்கும் என்று சத்தியம் பண்ணமுடியாது என்றார். அவன் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விட்டார்.

"பாத்தியா? பத்லிக்கு எம்மவன் போவானா!" என்று அய்யா தொடையைத் தட்டினார்.

இதற்கு மேலும் அந்த மனுஷனைக் கோமாளியாக்க எனக்கு மனசு வரவில்லை. "அய்யா, அது மில்லு பத்லி இல்ல. கிளப்புல இருந்து கம்பெனிக்கு மாத்தல். அவரு பர்மனெண்ட் வேலைதான் தர வந்தாரு" என்றேன்.

அய்யா பாண்டியைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமாலே?"

"தெரியும்யா."

"தெரிஞ்சா வேண்டாம்னே?"

கையை ஓங்கிவிட்டார். பாண்டி நகரவில்லை. வழி விட்ட ஃபுல்பேக்கைப் பற்றி, முகத்தைத் திருப்பாமல், அய்யாவிடமும் சொன்னான். ஊரெல்லாம் சொன்ன அந்த இரண்டாவது கோலைப் பற்றிக் கேட்கக் கேட்க அய்யாவின் கை தானாக இறங்கியது.

பிறகு, "மில்லு கேட்டுல நிக்கும்போது எந்த வேலைன்னாலும் ஓடுவேன். தெரியாத மிசினுன்னாலும் தெரியும்பேன். வேண்டாம்னு ஒரு நாளு ஒரு வார்த்த வந்ததில்லலே எனக்கு" என்றார். எனக்கு அழுகை வந்து அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஏட்டி, சோத்தப் போடு" என்றார் அய்யா. "அவனுக்கு நெறைய வையி. அடுத்த வருசம் அந்தத் தடியன் வழிவிட மாட்டாம்லா."