தோட்டத்துக்கு ஒரு அடிபம்பு

இரும்புக் கடைக்காரருக்கு எதையும் விற்கத் தெரியும். விற்றதில் ஒன்றைக்கூடக் கையாளத் தெரியாது. அவர் மனைவியோ கடையில் மிஞ்சிய கடைசி அடிபம்பை, வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"குழாயத் திருகினா தண்ணி கொட்டுது. நீ என்னடான்னா பூமியோட மல்லுக்கட்டுற!"

"கொட்டுறப்பவே பழகிக்கணுங்க. நின்னப்புறம் பழகினா கை உதறும்."

ஒருநாள் காலை குடிநீர் வாரிய இன்ஜினியர் கடைக்கு வந்தார். ஒரு பிடி ஆணிக்கே ஊர்வம்பு பேசி விலை குறைக்கிற ஆசாமி. அன்று பேச்சே இல்லை. அடிபம்பு வேண்டும் என்றார். வீட்டில் இருப்பதைத் தர மனமில்லாத கடைக்காரர், ஆளை ஓட்டிவிடலாம் என்று வாய்கூசும் விலை ஒன்றைச் சொன்னார்.

"சரி" என்றார் இன்ஜினியர்.

அந்தக் கடைத்தெருவில் சொன்ன விலைக்குச் 'சரி' விழுந்தால் பொருள் கைமாறியது மாறியதுதான். பின்வாங்கியவனுக்கு எவனும் சரக்கு இறக்கமாட்டான்.

"எதுக்கு சார் உங்களுக்கு?"

"தோட்டத்துக்கு."

மனிதர் குடியிருப்பதோ நாலாவது மாடி.

"சார், ஏதாவது ஆகப்போகுதா?"

இன்ஜினியர் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடையில் ஒருவன் ரப்பர் குழாய் பிடித்து வாசலைக் கழுவிக்கொண்டிருந்தான். "பம்பு எங்க இருக்கு?" என்றார்.

வேறு வழியில்லாமல் கடைக்காரர் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனார். மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். புருஷனைத் திட்டக்கூட இல்லை. ஸ்பானரை இன்ஜினியரிடம் நீட்டினாள்.

"உங்க பொருள் சார். கழட்டிக்கோங்க."

அவர் முக்கினார், முனகினார். போல்ட் அசையவில்லை.

"கழட்டவே வரலையே, எங்க கொண்டுபோய் மாட்டுவீங்க? இங்கயே இருக்கட்டும். ரெண்டு வீட்டுக்கும் அடிச்சுக்கலாம். புள்ளைங்களக் கூட்டிட்டு வந்துருங்க."

இன்ஜினியர் அப்படியே துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப சார்?" கடைக்காரர் குரல் இறங்கியிருந்தது.

"குழாத்தண்ணி இந்த வாரம் தாண்டாது. வெளிய மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு."

மனைவி ஸ்பானரைப் பிடுங்கிப் புருஷன் கையில் திணித்தாள்.

"சட்டையக் கழட்டுங்க. பம்புக்குள்ள இருக்கிற தோல் வாஷர் தேஞ்சா மாத்தணும். எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு இருக்கா?"

கடைக்காரர் மண்டியிட்டார்.

"எந்தப் பக்கம் திருகணும்?"