வேலிக்கு மேல் நீண்ட கை

காலையில் லாயத்தைத் திறந்ததுமே ஹில்கே உள்ளே ஓடினாள். மட்டக்குதிரை ப்ளெஸ் முன்னங்கால்களை நீட்டி, பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு நின்றது. தொட்டுப் பார்த்தால் முன்குளம்புகள் கொதித்தன.

கால்நடை மருத்துவர் ரென்ஸ்கே வந்து பார்த்தார். "குளம்புக்குள்ள அழற்சி. இளம்புல்லுல சர்க்கரை ஜாஸ்தி, இதுக்கும் உடம்பு பெருத்துப்போச்சு. இப்படியே விட்டா உள்ள இருக்கிற எலும்பு எறங்கிடும், ஹில்கே."

ஹில்கே தயங்கவில்லை. குதிரையை மேய்ச்சலிலிருந்து பிரித்து, மரத்தூள் மெத்தையில் நிறுத்தினாள். குளம்புகளைப் பனிக்கட்டி நீரில் வைத்தாள். வலிக்கு மருந்து கொடுத்தாள். காய்ந்த புல்லைக்கூடச் சர்க்கரை கரைந்துபோக ஊறவைத்தே போட்டாள். எக்ஸ்ரே பார்த்து லாடக்காரர் குளம்பின் முனையைச் சீவிவிட்டார். சூடு தணிந்தது.

ஆனால் தெருவில் வேறு பேச்சு. "வாயில்லா ஜீவனப் பட்டினி போட்டுக் கொல்றா."

சில நாளில் குளம்பு மறுபடி கொதித்தது. மரத்தூளில் ரொட்டித் துணுக்குகள் கிடந்தன. அன்று மாலை ஹில்கே காத்திருந்தாள். வேலிக்கு மேல் நீண்டது பக்கத்து வீட்டு ஒன்னோவின் கை. கால்வாயில் படகு ஓட்டி ஓய்ந்தவர், ஈரமனசுக்காரர்.

"நீங்கதானாண்ணே?"

"மனசு கேக்கலம்மா. ஊரே உன்னப் பேசுது."

"பேசட்டும். நீங்க உள்ள வாங்க."

அவர் கையைப் பிடித்துக் குளம்பின்மேல் வைத்தாள். பிறகு கணுக்காலுக்குக் கீழே, நாடி சம்மட்டியாய் அடிக்கும் இடத்தில் வைத்தாள். ப்ளெஸ் வலியில் காலை மாற்ற முயன்று, முடியாமல் நடுங்கியது.

ஒன்னோ சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். "நான் போட்ட ரொட்டியா இப்படிப் பண்ணுது?"

"ஆமாண்ணே. ரொட்டியும் அதுக்குச் சர்க்கரை மாதிரிதான்."

மறுநாள் முதல் அவர், யாரும் எதுவும் ஊட்டாதபடி, வேலியருகே நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். மாதங்கள் கடந்து, கோடை முடியும்போது ப்ளெஸ் நொண்டாமல் நடந்தது. அதைப் பார்த்து எதிர்வீட்டு ஆன்ட்யே பை நிறைய ஆப்பிளோடு வந்தாள்.

"இப்பதான் சரியாயிடுச்சே, ஒண்ணே ஒண்ணு குடுத்தா என்ன குறைஞ்சிடும்?"

ஒன்னோ நாற்காலியை விட்டு எழுந்து குறுக்கே நின்றார். "குடுக்கிறப்ப நமக்கு இனிக்கும் ஆன்ட்யே, வலிக்கிறது அதுக்கு. நம்ம மனசு நிறையணும்னு ஊட்டுறதுக்குப் பேரு அன்பு இல்ல. அதோட உடம்புக்கு எது ஆகும்னு கேட்டுட்டு ஊட்டுறதுதான் அன்பு. பையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போ."