வெளிச்சம் இருந்த பக்கம்

கேமராக்காரர் சூரியனைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், பிறகு சிட்டுவின் இரண்டு தோளையும் பிடித்து, கடை வாசல் பொம்மையைத் திருப்புகிற மாதிரி திருப்பி நிறுத்தினார்.

"இப்படி நில்லு தம்பி. அந்தப் பக்கம் பாத்தா மூஞ்சி இருட்டடிக்குது."

தொழும்போது முகம் திருப்ப வேண்டிய கிப்லா எந்தப் பக்கம் என்று சிட்டுவுக்குத் தெரியும். கால்பந்து அகாடமியில் சேர்ந்த முதல் வாரமே அறைத்தோழன் பூட்டு அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தான். ஸ்கோர்போர்டுக்கும் ஆம்புலன்ஸ் நிற்கிற கேட்டுக்கும் நடுவில். இப்போது அந்தத் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். சொல்லிவிடலாம், ஒரு வார்த்தைதான். ஆனால் கிளப்பின் விளம்பரம், வீடியோ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற மேடம், அவன் தொழுவதைப் படமெடுக்க, எதிரே நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் கோச் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நிற்கிறார். ஜூனியர் அணியிலிருந்து யாரை மேலே எடுப்பது, யாரை வீட்டுக்கு அனுப்புவது என்று அடுத்த வாரம் முடிவாகப் போகிறது. அந்த ஒரு வார்த்தையை விட்டுவிட்டான்.

அதற்குப் பதில் வேறு எதையோ சொன்னான். "ஒளு செய்யணும் மேடம். முகம், கை, கால் கழுவிட்டு வந்துடறேன்."

"ஐயோ கழுவிடாத கண்ணா! அந்த வேர்வைதான் அழகே. பூட்ஸும் இருக்கட்டும், புல்லோட நல்லாருக்கு."

முதல் தடவை ரொம்ப வேகமாகக் குனிந்துவிட்டானாம். இரண்டாம் தடவை பின்னால் எவனோ பந்தைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டான். மூன்றாம் தடவை, உதடு அசைய வேண்டும் என்றார் மேடம். சிட்டு சஜ்தாவில் நெற்றியைப் புல்லில் வைத்து உதட்டை அசைத்தான். அல்லாஹ்வின் பேரைச் சொல்ல வாய் வரவில்லை. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று பத்து வரைக்கும் எண்ணிவிட்டு எழுந்தான்.

"சூப்பர்! எவ்வளவு உண்மையா இருந்துச்சு!" என்றார் மேடம்.

உண்மையில் மேடம் முதலில் கேட்டது பூட்டுவைத்தான். நடு டிஃபென்ஸில் நிற்கிறவன். அவனைத் தாண்டி எவனும் பந்தைக் கொண்டுபோனதில்லை என்பதால் வந்த பேர் அது. இடது ஓரத்தில் பறக்கிறவன் சிட்டு. இரண்டு பேரும் ஒரே வருஷம் வந்தார்கள், ஒரே அறை. பயிற்சி முடிந்ததும் ஜெர்சி உலர்த்துகிற அறைக்குப் போவார்கள். வாஷிங் மெஷின் கடகடவென்று ஆட, ஈரச் சட்டைகளுக்கு நடுவில் துண்டை விரித்து, பூட்டு இமாமாக நின்று தொழவைப்பான். அவன் வலப்பக்கம், அரை அடி பின்னால் சிட்டு. துணிமணி பார்க்கிற அண்ணன் வெளியிலிருந்து கத்துவார்: "ஹஜ்ரத்துகளா! சீக்கிரம் முடிங்கடா, பதினோரு ஜட்டி காயணும்!" சிரிப்பை அடக்கிக்கொண்டு தொழுது முடிப்பார்கள். அந்தத் தொழுகையில் சிட்டுவுக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

மேடத்திடம் பூட்டு மரியாதையாகத்தான் சொன்னான். "நான் தொழுறப்ப நீங்க எடுத்துக்கிட்டா எடுத்துக்கங்க மேடம். நீங்க எடுக்கறதுக்காக என்னால தொழ முடியாது."

மேடம் தலையாட்டினார். "ஓகே ஓகே" என்று திரும்பியவர் கண்ணில் சிட்டு பட்டான்.

வீடியோ பிய்த்துக்கொண்டு ஓடியது. எங்கெங்கோ இருந்து மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று குவிந்தது. சிட்டுவைப் பெற்ற அத்தா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வேனில் ஏறுகிற பிள்ளை, இறக்கிவிட வருகிற தாய், கேட்டைத் திறக்கிற காவலாளி என்று ஒருத்தரை விடாமல் காட்டிவிட்டார். "மைதானத்துல இருந்தாலும் அவனுக்குத் தொழுகைதான் முதல்ல" என்று குரல் உடைய அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை சிட்டு பாதியிலேயே நிறுத்தினான்.

பூட்டு கட்டிலில் படுத்தபடி வீடியோவை இரண்டு தடவை பார்த்தான்.

"ஏன்டா, எதைப் பாத்து சஜ்தா பண்ணிருக்க? கோல் போஸ்ட்டையா?"

"அவரு திருப்பிவிட்டாருடா..."

"நீ என்ன ஸ்டூலா, திருப்பி வெக்க?"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். சிட்டுவும் சிரித்தான். அதோடு விட்டிருந்தால் அது ஒரு கேலியாகவே முடிந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து கோச் சிட்டுவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"வீடியோ நல்லா போயிருக்கு. நீ ஓப்பனான பையன், எல்லாரோடயும் ஒத்துப் போறவன். உன் ரூம்ல இருக்கானே, அவன் எப்படி? வற்புறுத்துவானா? இதைச் செய், அதைச் செய்யாதன்னு?"

இல்லை என்று சொன்னால், நீயும் அவனும் ஒரே கட்சியா என்று கேட்டுவிடுவாரோ? விடியற்காலை பஜ்ர் தொழுகைக்குத் தன்னை உலுக்கி எழுப்பிவிடச் சொன்னதே சிட்டுதான். அதையெல்லாம் எப்படி விளக்குவது?

"கொஞ்சம் ஸ்ட்ரிக்ட் சார்" என்றான்.

கோச் தலையாட்டினார். அவ்வளவுதான், போகச் சொல்லிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் துணிமணி அண்ணன் அவனை ஓரமாக இழுத்தார். "பூட்டோட ஜெர்சி, டிராக் சூட்டு எல்லாத்தையும் நாளைக்குள்ள திருப்பி வாங்கச் சொல்லிட்டாங்கடா. நல்லா ஆடுற பையன்தானே, என்னடா பண்ணான்?"

அன்று ராத்திரி சிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்கு போன் போட்டான். அக்கா ஆஸ்பத்திரி பில் கவுண்டரில் நைட் ஷிப்ட். கூட்டம் இல்லாத நேரம். எல்லாவற்றையும் கொட்டினான். கிப்லா, ஒளு, பத்து வரை எண்ணியது, கோச்சின் நாற்காலி எல்லாம்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். எந்தச் செவத்துல முட்டிக்கலாம்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"பயமா இருக்குக்கா. அப்புறம் என்னால ஒழுங்கா தொழவே முடியல. தொழ நின்னு தக்பீர் கட்டினா எண்ணிக்கைதான் வருது. ஒண்ணு, ரெண்டுன்னு. இன்னைக்கு மத்தியானம் லுஹர்ல பாதியில விட்டுட்டு வந்துட்டேன்."

"அதை நீயும் உன்னைப் படைச்ச ரப்பும் பாத்துக்கங்க. ரப்பு மன்னிப்பான், கோச்சு மன்னிக்க மாட்டாரு. அந்தப் பையன் ஊருக்குப் போயிட்டா போனதுதான். காலையில முதல் வேலையா போய் சொல்லு. அவன் என்னை வற்புறுத்தல, நான்தான் பயந்துபோய் உளறிட்டேன்னு."

"என்னையும் அனுப்பிட்டா? அத்தா..."

அக்கா பெருமூச்சு விட்டாள். "அத்தாகிட்ட நான் பேசிக்கறேன். ஆள் வந்துட்டாங்க, வெக்கிறேன். போய் சொல்லுடா, பயந்தாங்கொள்ளி."

காலையில் போனான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"சார், பூட்டு ஸ்ட்ரிக்ட் எல்லாம் இல்ல சார். நான் தப்பா சொல்லிட்டேன். அவன் என்னை எதுக்கும் வற்புறுத்தினதே இல்ல."

கோச் பேனாவை மூடி வைத்தார். நிதானமாக அவன் முகத்தைப் பார்த்தார். அவர் கண்ணில் இரக்கம் வந்தது. அதைப் பார்த்ததும்தான் சிட்டுவுக்கு உண்மையிலேயே நடுக்கம் எடுத்தது.

"அவன் அனுப்பினானா உன்னை?"

"இல்ல சார். நானாத்தான் வந்தேன்."

"என்ன சொல்லி மிரட்டினான்?"

"சார், சத்தியமா அவனுக்குத் தெரியவே தெரியாது சார்!"

"பயப்படாத. இனிமே ஒருத்தனும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது." போனை எடுத்தார். "மேடம், நான் சொன்னேன்ல. சின்னவன் வந்து நிக்கிறான், பாவம், நடுங்குறான். அந்த அளவுக்கு ஆட்டி வெச்சிருக்கான். ஆமா... ஆமா, எழுதிடுங்க."

"சார்..."

"போ, போய் பிராக்டிஸ் பண்ணு. நீ மேல வர்ற. அத்தாவுக்குச் சொல்லிடு."

அறையில் பூட்டு பையைக் கட்டி முடித்திருந்தான். சிட்டு எதுவும் கேட்காமல் பையின் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். பூட்டு மறுக்கவில்லை. வெளியூர் பஸ்கள் நிற்கிற இடம் ஊர் எல்லையைத் தாண்டி நெடுஞ்சாலையில் இருந்தது. ஆட்டோவில் பையை நடுவில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துப் போனார்கள்.

நிழற்குடையின் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்ததும் பூட்டு சொன்னான்: "உன் வாயில இருந்து வந்துச்சாமே. கோச்சு சொன்னாரு. உன் ஃப்ரெண்டே சொல்றான், உன் கூட இருக்க பயமா இருக்குன்னு."

"பயமா இருக்குன்னு நான் சொல்லவே இல்லடா. கொஞ்சம் ஸ்ட்ரிக்ட்னு மட்டும்தான்... இன்னைக்குக் காலையில போய் மாத்திச் சொன்னேன்."

"காலையிலயா? அதான் என்னை அனுப்புற பேப்பர்ல 'மிரட்டுறான்'னு புதுசா ஒரு வரி சேத்திருந்தாங்க." பூட்டு தரையைப் பார்த்துச் சிரித்தான். "வேற அகாடமி எதுலயும் சேர முடியாத மாதிரி பண்ணிட்டடா. வாயைத் தொறக்காம இருந்திருக்கலாம் நீ. ரெண்டு தடவையும்."

சிட்டுவுக்கு அழுகை வந்தது. பூட்டு அதைக் கண்டுகொள்ளாமல் எழுந்து, குழாயில் ஒளு செய்தான். லுஹர் நேரமாகியிருந்தது. பைக்குள்ளிருந்து துண்டை எடுத்து நிழற்குடைக்குப் பின்னால் விரித்தான்.

"வர்றியா?"

சிட்டு ஓடிப்போய் ஒளு செய்துவிட்டு, அவன் வலப்பக்கம், அரை அடி பின்னால் வந்து நின்றான்.

"ஊர் எல்லையைத் தாண்டிட்டேன், நான் பயணி. எனக்கு நாலு ரக்அத் ரெண்டாச்சு, ரெண்டோட சலாம் குடுத்து முடிச்சுருவேன்" என்றான் பூட்டு, திரும்பாமலே. "நீ திரும்பிப் போறவன். மீதி ரெண்டையும் தனியா எந்திரிச்சு முடிச்சுக்க."

தக்பீர் கட்டினார்கள். பூட்டு பக்கத்தில் இருந்ததால் எண்ணிக்கை வரவில்லை. ஓத வேண்டியதெல்லாம் தானாக வந்தது. சிட்டுவுக்குக் கண்ணீர் மேல் உதட்டில் உப்புக் கரித்தது. நிற்பதும் குனிவதும் நெற்றி வைப்பதுமாக இரண்டாம் ரக்அத் முடிந்து பூட்டு வலதும் இடதும் சலாம் கொடுத்தான். அப்போதே பஸ் வந்து நின்றது. பூட்டு எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரமாக நடந்துபோனான். துண்டை எடுக்கவில்லை. அதன் மேல் சிட்டு நின்றுகொண்டிருந்தான்.

சிட்டு மூன்றாம் ரக்அத்துக்கு எழுந்து நின்றிருந்தான். திரும்பிப் பார்த்தால் தொழுகை முறியும். குனிந்தான், நிமிர்ந்தான், நெற்றியைத் துண்டில் வைத்தான்.

"டேய், அந்த வீடியோ பையன்டா இவன்!" பின்னாலிருந்து ஒரு குரல். "போனை எடு, போனை எடு!"

சுப்ஹான ரப்பியல் அஃலா, உயர்ந்த என் இறைவன் தூயவன். மூன்று தடவை சொல்லியாயிற்று. தலையைத் தூக்க வேண்டும். தூக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தான். அது யாருக்காக என்று அவனுக்கே தெரியவில்லை.

பஸ் கிளம்புகிற ஹாரன் அடித்தது. அவனுக்கு இன்னும் ஒரு ரக்அத் பாக்கி இருந்தது.