எழுதவேண்டாம் என்ற ஆசிரியர்

மேற்றிசை வானில் கதிரவன் சாய, உயர்ந்த மாடங்களின் பலகணிகளெல்லாம் உருக்கிய செம்பை வார்த்தாற்போல் ஒளிர, அலுவல் முடித்த மாந்தர் வெள்ளம் ஊர்திகளின் இரைச்சலோடு கலந்து தெருக்களில் நுரைத்து ஓடிக்கொண்டிருந்த மாலைப்பொழுது அது. அவ்வெள்ளத்தின் நடுவே கரும்பாறை போல் நின்ற நாளிதழ் மாளிகையின் கீழ்த்தளத்தில், அச்சுப்பொறிகள் இரைதேடப் புறப்படுமுன் உறங்கும் விலங்குகளென அடங்கிக் கிடந்தன. மேல்தளத்து அரங்கிலோ, புதிதாய்ப் பணியில் சேர்ந்த பயிற்சிச் செய்தியாளர்கள் மடிமேல் தாள் விரித்து, எழுதுகோல் திறந்து, புகழ்பெற்றோர் தம் பட்டறிவைச் சொல்லக் கேட்கும் ஆவலோடு நிமிர்ந்து அமர்ந்திருந்தனர்.

மேடைமேல் மூவர் வீற்றிருந்தனர். நடுவிருந்தவர் அந்நாளிதழின் ஆசிரியர். சொல்லை எடைபோட்டு, புன்னகையை அளந்து வழங்குபவர். அவர்க்கு வலப்புறம், பல நாட்டுக் களங்களில் நின்று எழுதியதால் ‘போர்முனையார்’ எனப் பெயர்பெற்ற மூத்த செய்தியாளர். இடப்புறம், வேறோர் இதழில் வழக்குமன்றச் செய்திகளை எழுதிவரும் பெண்மணி. கேட்கும் கேள்வியெல்லாம் காலில் தைப்பதால் உடன் பணிபுரிவோர் ‘நெருஞ்சி’ என்று வைத்த பட்டப்பெயர், அவர் இயற்பெயரையே விழுங்கிவிட்டிருந்தது. ஆசிரியர் பலகால் அழைத்ததைத் தட்டமாட்டாமல் வந்த நெருஞ்சி, நாலு நல்ல வார்த்தை சொல்லி எழுந்துவிடலாம் என்றே எண்ணியிருந்தார்.

போர்முனையார் முதலில் பேசினார். “சாவு விழுந்த வீட்டு வாசல்ல நின்னுகிட்டு பேட்டி குடுங்கன்னு கேட்டா விரட்டுவாங்க. அதனால, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கன்னு கேளுங்க. தண்ணி கேட்டு வந்தவனை யாரும் விரட்டமாட்டாங்க. அப்படியே உள்ள போய் உட்கார்ந்துக்கலாம்.”

கூரையில் கொட்டும் மழைபோல் கைதட்டல் எழுந்தது. நெருஞ்சியின் கைகள் மட்டும் மடியைவிட்டு எழவில்லை.

அடுத்துக் கேள்விநேரம். ஒல்லியான இளநங்கை ஒருத்தி எழுந்து, ஒலிவாங்கியை இரு கைகளாலும் இறுகப் பற்றினாள்.

“போன மாசம் ஒரு அதிகாரியைப் பார்க்க என்னை அனுப்பினாங்க. உள்ள போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டாரு. கையைப் பிடிச்சு இழுத்தாரு. அவரைத் தள்ளிவிட்டுட்டு எப்படியோ வெளிய ஓடிவந்தேன். இங்க வந்து சொன்னா, ‘அதெல்லாம் இருக்கட்டும், செய்தி கிடைச்சுதா’ன்னு கேட்டாங்க. அந்த மாதிரி நேரத்துல ஒரு செய்தியாளர் என்ன பண்ணணும்?”

ஆசிரியரின் சுட்டுவிரல் சற்றே உயர்ந்தது. ஒலிவாங்கி உயிரிழந்தது.

“நேரமாயிடுச்சு. இது தனியாப் பேசவேண்டியது,” என்றார் அவர்.

போர்முனையார் நகைத்தார். “இந்தத் தொழிலுக்குத் தோல் தடிமனா இருக்கணும் பாப்பா. நான் குண்டு விழுற இடத்துலயே நின்னவன்.”

உமியுள் கனன்ற தீ காற்றுப் பட்டதும் புறத்தே சிவந்து தோன்றுவதுபோல், நெருஞ்சியின் நெஞ்சில் புகைந்த சினம் கண்களில் ஏறியது. ஆயினும் குரலை அவர் உயர்த்தவில்லை. சினம் மிகமிகக் குரல் தாழ்வதே அவர் இயல்பு. தம் முன்னிருந்த ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார்.

“நேரம் இருக்கு. கேள்வி கேட்கிறது எப்படின்னு சொல்லிக்குடுக்கத்தானே என்னைக் கூப்பிட்டீங்க? இப்பக் கேட்கிறேன்.” பின்னர் அந்நங்கையை நோக்கி, “இதைப் பத்தி இங்க வெச்சுக் கேட்கலாமாம்மா? நீ வேண்டாம்னா விட்டுடறேன்,” என்றார்.

“கேளுங்கம்மா.”

நெருஞ்சி ஆசிரியர்பால் திரும்பினார். “நடந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“அம்மா, இதுக்கு இது இடமில்ல.”

“தெரியுமா, தெரியாதா?”

“காதுல விழுந்தது.”

“விழுந்ததும் என்ன செஞ்சீங்க?”

“அவரு நமக்கு நிறைய செய்தி குடுக்கிறவரு. அதையும் பார்க்கணுமில்ல...” என்று தொடங்கியவர், நாவைக் கடித்துக்கொண்டார்.

“சரி. செய்தி கிடைச்சுதான்னு கேட்டது யாரு?”

“அதெல்லாம் எனக்கு ஞாபகமில்ல.”

ஒலிவாங்கியின் துணையின்றியே அந்நங்கையின் குரல் பின்சுவர்வரை சென்றது. “நீங்கதான் சார் கேட்டீங்க. உங்க அறையில. என் முகத்தைக்கூடப் பார்க்கல.”

எங்கோ ஓர் எழுதுகோல் தாளில் உரசியது. அதனைத் தொடர்ந்து மற்றொன்று. பின்னர், வறண்ட சருகுகள்மேல் காற்று நடந்தாற்போல் அரங்கெங்கும் எழுத்தொலி பரவியது. ஆசிரியர் துள்ளி எழுந்தார்.

“இதை யாரும் எழுதவேண்டாம்.”

எழுதுவதற்கென்றே எடுத்து வளர்க்கும் பிள்ளைகளிடம், எழுத்தாலேயே பிழைக்கும் ஒருவர் சொன்ன சொல் அது. பல எழுதுகோல்கள் நின்றன. சில நிற்கவில்லை. எவை நின்றன, எவை ஓடின என்பதை நெருஞ்சி மேடையிலிருந்தே ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பின் எழுந்து, எவர்க்கும் கைகூப்பாமல், அந்நங்கையின் தோள்மேல் கைபோட்டு அழைத்துக்கொண்டு வெளியேறினார்.

நடந்ததையெல்லாம் அவள் இசைவு பெற்றுத் தம் இதழில் நெருஞ்சி எழுதினார். அதன்பின் விளைந்ததைக் கேளுங்கள், நல்லறிவுடையீர். அந்த அதிகாரி வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டார். பதவியோ நாற்காலியோ சிறிதும் குறையவில்லை. ஆசிரியர் ஆசிரியராகவே இருக்கிறார். எழுத்தை நிறுத்தியோர்க்கெல்லாம் பணி உறுதியாயிற்று. நங்கைக்கோ, பயிற்சி முடியுமுன்னரே, இனி வரவேண்டா என்று சொல்லப்பட்டது.

சிறிய கிழமை இதழ் ஒன்றில் அவள் வேலை தேடிக்கொண்ட செய்தியறிந்து நெருஞ்சி தொலைபேசியில் அழைத்தார்.

“எப்படிம்மா இருக்க?”

“வேலை பிடிச்சிருக்கும்மா. ஆனா அந்தக் கோபம் மட்டும் போகமாட்டேங்குது. எல்லாரும் விட்டுடு, மறந்துடுன்னு சொல்றாங்க.”

“சொல்றவங்க சொல்லட்டும். எனக்கும்தான் போகல.”

தீங்குற்றவளின் சினத்தை ஆற்றுதற்கு ஓடிவருவோர் உலகில் பலர். தீங்கிழைத்த கையைப் பற்றி நிறுத்துவோர் மிகச் சிலர். அச்சிலர் பலராகும் நாள்வரை, அச்சினம் ஆறாதிருப்பதே அறம்.