‘ஸ்ப்ரால்’ அட்டையில் கிடந்தவள்

“ஒரு மாசம்தான். அகராதி அட்டைகளை இந்தச் சோபாவுல வெச்சுக்கட்டுமா?”

“தாராளமா வெச்சுக்கோங்க பண்டிதரே. சோபா எங்க ஓடிடப் போகுது?”

அந்தப் பேச்சு நடந்து நாலு வருஷம். சோபா ஓடவில்லை, அட்டைகளுக்கு அடியில் மறைந்துபோனது. ஆங்கிலம்–தமிழ் அகராதி எழுதும் கணவன் முகம் வாடுமே என்று, அதைத் திருப்பிக் கேட்கும் வார்த்தையை அவள் தொண்டையிலேயே விழுங்கினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க நின்ற கால்களோடு வந்து, நாற்காலி நுனியில் உட்காரப் பழகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தூசி தட்டும்போது ஓர் அட்டை நழுவி விழுந்தது.

‘ஸ்ப்ரால்: கைகால் பரப்பிப் படுத்தல், நகரம் கண்டபடி பரவுதல். எ-டு: அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் கைகால் பரப்பிக் கிடந்தாள்.’

அவளுக்குச் சுருக்கென்றது. கண்ணால் பார்க்காத எதையும் எடுத்துக்காட்டாக எழுதுவதில்லை என்பது அவன் பிடிவாதம். வழுக்குவதைப் பற்றி எழுத, மழையில் தெருமுனையில் ஒரு மணி நேரம் காத்து நின்ற ஆள்! அப்படியானால் இவள் யார்? எந்த வீட்டுச் சோபா? போன வாரம் அச்சகத்துக்கு என்று கிளம்பியவன் மூன்று மணி நேரம் பிந்தி வந்தானே. அன்றைக்குப் பார்த்து இஸ்திரி போட்ட சட்டை வேறு.

“யாருங்க இந்த மகாராணி?”

அவன் மேஜையிலிருந்து நிமிர்ந்தான். “எவ?”

“செருப்புக் காலோட சோபாவுல விழுந்து கிடக்கறவ.”

அவன் சிரித்தான்.

“சிரிச்சு மழுப்பாதீங்க. பாக்காததை எழுத மாட்டீங்களே!”

“பாத்துத்தான் எழுதினேன். மூலையில தேதி இருக்கு, பாரு.”

பார்த்தாள். இந்த வீட்டுக்குக் குடிவந்த நாள். அட்டைகள் சோபா ஏறுவதற்கு ஒரு வாரம் முன்பு. பெட்டிகளை ஏற்றி இறக்கிய களைப்பில், வந்த வேகத்தில் அதில் விழுந்தது யாரென்று இப்போது நினைவு வந்தது.

“நானா?”

“நீயேதான். குறட்டைக்கும் ஓர் அட்டை இருக்கு, காட்டவா?”

அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டையில் கிடந்தவளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கே பொறாமையாக இருந்தது.

“அதுக்கப்புறம் நான் அப்படிக் கிடந்து பாத்திருக்கீங்களா?”

அவன் சோபாவின் மேலிருந்த அட்டைக் குவியலைத் திரும்பிப் பார்த்தான்.

“இந்த அட்டையெல்லாம் இன்னிக்கே எடுத்துடுங்க. எனக்கு என் சோபா வேணுங்க. நான் காலை நீட்டிப் படுக்கணும்.”