தலை தொங்கின அன்னங்கள்

"உன் கை பட்டதாலதாம்மா இப்படி! நிச்சயப் புடவையில அன்னம் தலையைத் தொங்கப் போட்டுகினு நிக்குது. இன்னா, இது சாவு வீடா?"

தணிகாசலம் கத்தின கத்தில் நாதஸ்வரக்காரர் ஊதுவதை நிறுத்திவிட்டார். நான் முன்வரிசையில் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்களை அங்கேதான் உட்கார வைப்பார்கள், நானாகப் போய் இடம் பிடிக்கவில்லை.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். நிச்சயப் புடவையைத் தறியிலிருந்து அறுத்ததும் மடித்துவிடுவார்கள், சபையில் தட்டில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும். தணிகாசலத்தின் மகள் இனியாவுக்கு மாப்பிள்ளை சுதாகர், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மாப்பிள்ளையே டிசைன் போட்ட புடவை என்று ஆரணி முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பிரித்தார்கள். முந்தானையில் மற்ற அன்னமெல்லாம் கழுத்தை நிமிர்த்தி நிற்க, இடப்பக்கத்து நடுவரிசை மட்டும் அலகால் மண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.

திட்டு கீதாவுக்கு. தணிகாசலத்தின் தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள் அவள். சுதாகர் அவள் ப்ரோகிராமை வாங்கி, 'ஜல்தியா ஓடணும்' என்று வேறு கம்ப்யூட்டர் மொழியில் மாற்றி எழுதித் தறியில் ஏற்றினார். ஊருக்குச் சொன்னபோது அது மாப்பிள்ளை டிசைன். அன்னம் தலையைத் தொங்கப் போட்டதும் கீதா டிசைன்.

"என் மெஷின்ல எல்லா அன்னமும் நிமிர்ந்துதாங்க இருந்துச்சு" என்றாள் கீதா.

"கணக்கு அவங்களுது மாமா" என்றார் சுதாகர், சட்டைக் கையை மடித்துக்கொண்டே. "நான் வரிக்கு வரி அப்படியே மாத்தினேன். அவங்க தப்பு அப்படியே வந்துட்டுது."

"தபால் வழியில படிச்ச பொண்ணுதானே" என்று மாப்பிள்ளையின் அத்தை கமலம் எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் எதில் படித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

"நாளையிலேர்ந்து தறிப் பக்கம் வராதே" என்றார் தணிகாசலம். "ஆரணியில எவன் உன்னைச் சேத்துக்கிறான்னு பாக்கறேன்."

அழுவாள் என்று நினைத்தேன். கீதா விடுவிடுவென்று பின்கட்டுக்குப் போய்த் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "உங்களுதையும் எடுங்க சார்" என்றாள் சுதாகரிடம்.

பிறகு அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் கலப்பு எண் என்று படித்தோமே, ஒரு பாதி நிஜம், ஒரு பாதி கற்பனை, அதுதான். அன்னத்தின் கழுத்து வளைவை அதன் வர்க்கமூலம் எடுத்துப் போட்டிருக்கிறாள். மைனஸ் நாலுக்கு வர்க்கமூலம் இரண்டு உண்டு. ஒன்று மேலே பார்க்கும், ஒன்று கீழே பார்க்கும், இரண்டுமே சரி. எதை எடுத்துக் கொடுப்பது என்று கம்ப்யூட்டர் பார்க்கிற இடம்தான் வேடிக்கை. இடப்பக்கத்து நடுவரிசையில் வருவது போலக் கற்பனைப் பாதி பூஜ்யமாக இருந்தால், அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் மைனஸ் இருக்கிறதா என்று பார்க்குமாம். மைனஸ் பூஜ்யம்! கடையில் போய்க் கேளுங்கள், அடிக்க வருவான்.

இரண்டு மெஷினிலும் ஒரே வரியை அடித்தாள்: மைனஸ் நாலு, கழித்தல், பூஜ்யம் ஐ. அந்த ஐதான் கற்பனைப் பாதிக்கு அடையாளம். அவளுடைய பழைய பைத்தான், கழிக்கிறபோது அந்த மைனஸைத் தொலைத்துவிட்டு மேலே காட்டியது. சுதாகர் மாற்றி எழுதின சி மொழி, மைனஸைப் பத்திரமாக வைத்துக்கொண்டு கீழே காட்டியது.

"வரிக்கு வரி மாத்தினா போதாதுங்க. விடையை ஒத்துப் பாக்கணும். என் படத்தையும் உங்க படத்தையும் பக்கத்துல வெச்சு ஒரு தடவை பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பாக்காம இருப்பனா?" என்று சுதாகருக்கு ரோஷம் வந்துவிட்டது. "டிரையல்லயே அந்த வரிசை அப்படித்தான் வந்துது. ஒரே ஒரு வரிசை, யார் கவனிக்கப் போறாங்கன்னு..."

நிறுத்திக்கொண்டார். சபை நிறுத்தவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கமலம் மட்டும் தட்டிலிருந்த ஆப்பிளை எண்ண ஆரம்பித்தாள்.

இனியா எழுந்தாள். "அப்போ தெரிஞ்சுகினேதான் இவ்ளோ நேரம் கீதாக்கா தலையில போட்டீங்களா?"

"சின்ன விஷயம் இனியா..."

"அவங்க பொழப்புங்க அது. அப்பா வேலையை விட்டே துரத்திட்டாரு. பக்கத்துல நின்னு சட்டையை மடிச்சுகினு இருந்தீங்க."

தணிகாசலம் மகளை முறைத்தார், மாப்பிள்ளையை முறைத்தார், கடைசியில் புடவையை முறைத்தார். கீதா பக்கம் மட்டும் திரும்பவில்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வரவில்லை. எனக்கு இன்னும் வயிறு எரிவது அதற்குத்தான். மறுநாள் ஆள் அனுப்பினார், "வேலைக்கு வரச் சொன்னாரு" என்று. ஊரைக் கூட்டித் திட்டத் தெரிந்தவருக்குத் தெருவைத் தாண்டி வந்து கூப்பிடத் தெரியவில்லை. கீதா போகவில்லை.

நிச்சயம் அன்றைக்கே முறிந்தது. சுதாகர் பெங்களூருக்கே போய், கூட வேலை செய்கிற பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று கேள்வி. இனியாவுக்குப் போளூரில் ஒரு வாத்தியார் அமைந்தார். கீதா தேவிகாபுரத்து பாலுவைக் கல்யாணம் செய்துகொண்டு சேலத்துக்குக் குடிபோய்விட்டாள்; அங்கே தனியாக டிசைன் போடுகிறாள், பெயர்ப்பலகையில் அவள் பெயரேதான்.

கீதாவின் கல்யாணத்துக்கு இனியா அதே புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள், இடப்பக்க அன்னங்கள் நன்றாகத் தெரியும்படி முந்தானையை விரித்துவிட்டுக்கொண்டு. தணிகாசலம் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.